வரப்பில் நடந்த மாப்பிள்ளை

எனக்குக் கல்யாணம் ஆனதற்கு ஜாதகம் காரணமில்லை, என் படிப்பும் காரணமில்லை. என் கணவரின் கால்கள்தான் காரணம். எழுபதுகளின் தொடக்கத்தில், கள்ளுக்கடைகளைச் சர்க்கார் மறுபடி திறந்துவிட்டிருந்த சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியான வெயிலில் அவர் மூன்று சொம்பு கள் குடித்துவிட்டு, எங்கள் தோட்டத்து வாய்க்கால் வரப்பில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நேராக நடந்து காட்டினார். என் அப்பா கண் கலங்கிப் போனார். அடுத்த மாதமே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள்.

திருச்செங்கோட்டைச் சுற்றி எல்லா வீட்டிலும் இப்படித்தான் மாப்பிள்ளை பார்த்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் பங்காளி வீடுகள் நாலைந்தில் மட்டும் இருந்த கூத்து இது. மற்றவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். பேச்சு பாதி முடிந்த மாப்பிள்ளையைக் குலசாமி கோயில் கெடா விருந்துக்கு அழைப்பார்கள். கோயில் எங்கள் தோட்டத்தை ஒட்டியே இருந்தது. கறி வேகும்போதே கள் வந்துவிடும். மாப்பிள்ளைக்கு உபசாரம் போல ஊற்றிக் கொடுத்துவிட்டு, பிறகு யாராவது, "வாங்க மாப்ள, அப்படியே கெணத்தப் பாத்துட்டு வரலாம்" என்று கூப்பிடுவார்கள். கிணற்றுக்குப் போக அகலமான வண்டித்தடம் ஒன்று உண்டு. ஆனால் மாப்பிள்ளையை மட்டும் ஒன்றரைச் சாண் அகல வரப்பில் நடத்திக் கூட்டிப்போவார்கள். பின்னாலேயே என் அப்பா, கண்ணை அவன் குதிகாலில் வைத்துக்கொண்டு போவார்.

அப்பாவின் நியாயம் அவரைப் பொறுத்தவரை அசைக்க முடியாதது. "குடிக்காத மாப்பிள்ள வேணும்னு தேடுனா என்ற பொண்ணு கெழவியாயிருவா. குடிச்சாலும் நெலையா நிக்கறவனாப் பாக்கோணும். தள்ளாடாதவன் குடிகாரனாக மாட்டான்" என்பார். இதற்கு அவர் கையில் இரண்டு சாட்சிகள் இருந்தார்கள், இரண்டு பேரும் எங்கள் வீட்டு ஆட்கள்.

ஒருவர் சித்தப்பா, அப்பாவின் தம்பி. வருஷத்துக்கு ஒருமுறை, மாரியம்மன் பண்டிகைக்கு மட்டும், அரைச் சொம்பு கள் குடிப்பார். அதற்கே கும்மி அடிப்பார், அழுவார், ஆட்டுப்பட்டியில் விழுந்து தூங்குவார், மறுநாள் முழுக்க எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு படுத்திருப்பார். மீதி வருஷம் பச்சைத் தண்ணீர்தான். அவருக்கு எங்கள் வீட்டில் பெயர் குடிகாரன்.

இன்னொருவர் என் தாய்மாமன். தினமும் குடித்தார். குடித்துவிட்டுப் பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்வார், மாட்டுக்கு மூக்கணாங்கயிறு குத்துவார், ஒரு சொல் குழறாது. நாற்பத்து மூன்று வயதில் வயிறு பானையாக வீங்கி, கண் மஞ்சளாகிச் செத்துப்போனார். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று முடிவு செய்து, வைத்தது யார் என்று இரண்டு குடும்பங்கள் பத்து வருஷம் பேசாமல் இருந்தன. அவர் குடியால் செத்தார் என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. எப்படி வரும், அவர்தான் ஒரு நாளும் தள்ளாடவில்லையே.

நான் சேலத்தில் விடுதியில் தங்கி விலங்கியல் படித்தவள். மரபியல் பாடத்தில் வரும் பட்டாணிச் செடி வளர்த்த பாதிரியாரையும், நெட்டைக்கும் குட்டைக்கும் பிறந்த பிள்ளைகளின் கணக்கையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்த அறிவு பட்டாணியோடு நின்றுபோனது. எங்கள் வீட்டு ஆண்களுக்கும் இதற்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கும் என்று ஒரு தரம்கூடத் தோன்றவில்லை.

எனக்கு முதலில் வந்த மாப்பிள்ளை மோகனூர்க்காரர். ஆற்றுப் பாசனத்தில் கரும்பு, சாந்தமான முகம். முக்கால் சொம்புக்கே அவருக்கு முகம் வேர்த்தது. வரப்பில் ஏறி நாலடி வைத்தார், நின்றார், சிரித்தார், நேராக இறங்கிப் போய் எங்கள் செவலைக் காளையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அதனிடம் மன்னிப்புக் கேட்டார். என்ன தப்புச் செய்தார் என்று எங்களுக்கும் தெரியாது, காளைக்கும் தெரியாது. பிறகு வாந்தி எடுத்துவிட்டு வாய்க்காலில் காலைப் போட்டபடி தூங்கிவிட்டார். அடுப்பு மறைவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை. "ஒரு சொம்புக்கே ஏறிப்போற ரத்தம். இது ஆகாது" என்று துண்டை உதறினார்.

இரண்டாவதாக வந்தவரைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன். மூன்று சொம்பு. வரப்பில் போய்விட்டுத் திரும்பி வரும்போது, வழியில் கிடந்த நிலக்கடலை மூட்டை ஒன்றைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்து களத்தில் வைத்தார். மூச்சு வாங்கவில்லை. "மோட்டாருக்கு இந்த எண்ணெ சரியில்லீங்க மாமா, மாத்தீருங்க" என்று கிணற்று மோட்டாரைப் பற்றி அப்பாவிடம் புத்தியாக நாலு வார்த்தை வேறு. அப்பா என் அம்மாவிடம் வந்து, "உங்கண்ணனே திரும்பி வந்தாப்பல இருக்குது" என்றார். அதை அவர் பாராட்டாகத்தான் சொன்னார். அம்மாவும் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

என்னை யாரோ தள்ளிவிட்டார்கள் என்று கதை கட்ட எனக்கு இஷ்டமில்லை. எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. அந்த நேரான முதுகையும், வரப்பில் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்த காலடியையும் கறிச்சட்டி ஆவிக்கு மேலாகப் பார்த்து, கிளற மறந்து கறியை அடிபிடிக்க விட்டேன். காளையிடம் மன்னிப்புக் கேட்பவனோடு எவள் குடித்தனம் நடத்துவாள் என்று நினைத்தேன். அந்த மோகனூர்க்காரர் பிற்பாடு நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்துப் பெரிய ஆளாகிவிட்டார். கல்யாண வீடுகளில் பார்ப்பேன். கையில் எப்போதும் கோலி சோடா, முகத்தில் எப்போதும் அதே சாந்தம்.

கல்யாணமான சூட்டோடு கடைகளைச் சர்க்கார் மறுபடி மூடியது. மதுவிலக்கு வந்துவிட்டதால் குடி போய்விடும் என்று என்னைப் போன்ற படித்த முட்டாள்கள் நம்பினோம். எனக்குத் திருச்செங்கோட்டில் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சர் வேலை கிடைத்தது. அவர் முதலில் லாரி ஓட்டினார், பிறகு இரண்டு கூட்டாளிகளோடு சேர்ந்து ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வாங்கினார். வருஷத்தில் எட்டு ஒன்பது மாதம் ஆந்திராவில் பாறையைத் துளைப்பார். மழைக்காலத்தில் வண்டி ஊர் திரும்பும், பட்டறையில் நிற்கும், அவரும் வீட்டில் இருப்பார். எழுபதுகளின் நடுவில் எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். அதோடு சரி.

என் கணவர் தினமும் குடிக்கிறார் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு வருஷம் ஆயிற்று. சிரிக்காதீர்கள். தள்ளாடினால் தெரியும், சத்தம் போட்டால் தெரியும், கை நீட்டினால் தெரியும். இவர் எதுவும் செய்யவில்லை. சோம்பை மென்றுகொண்டு வந்து, சுத்தமாகச் சாப்பிட்டு, மகளைத் தட்டித் தூங்க வைத்துவிட்டுத் தானும் தூங்குவார். பக்கத்து வீட்டுப் பெண்கள் தங்கள் புருஷன்மாரைச் சுவரோரம் நிறுத்தி, "டீச்சரம்மா ஊட்டுக்காரரப் பாத்துக் கத்துக்கோங்க" என்றார்கள். அதைக் கேட்டு நான் கொண்டையைச் சரி செய்துகொண்டேன்.

ஆறாவது வருஷம் அவருடைய பழைய பனியன்கள் இருந்த பெட்டியின் அடியில் பாட்டில்களைப் பார்த்தேன். கேட்டேன். "மேலு வலிக்குதம்மணி. அளவாத்தான்" என்றார். நானும் அளவு என்ற சொல்லை அப்படியே விழுங்கிக்கொண்டேன். நின்றபடி நிற்கிறார், நடந்தபடி நடக்கிறார், இதில் என்ன கெட்டுப்போயிற்று என்று அப்பாவின் மகளாக என்னையே சமாதானம் செய்துகொண்டேன். எண்பதுகளின் தொடக்கத்தில் கடைகள் திரும்பவும் திறந்தபோது பெட்டிக்கு அடியில் ஒளிக்கிற வேலையும் மிச்சமாயிற்று.

பிறகு கை நடுங்க ஆரம்பித்தது. காலை எழுந்ததும் டம்ளரைப் பிடிக்க முடியாது. டீயைத் தட்டில் ஊற்றித் தரையில் வைத்துக் குனிந்து குடிப்பார். பத்து மணிக்குப் பட்டறைக்கு ஒரு நடை போய்வந்தால் கை கல்லாக நிற்கும். இதற்கு எங்கள் தெருவே காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தது. ரிக் வண்டி பாறையைத் துளைக்கும்போது வருகிற அதிர்வு கைக்கு ஏறிவிடுகிறதாம். "ரிக்கு ஆட்டமுங்க. என்ற மச்சானுக்கும் இதே கததான்" என்று நாலு பேர் சொன்னார்கள். அந்த மச்சானும் தினம் குடிக்கிறவன் என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. காலும் மரத்துப்போக ஆரம்பித்திருந்தது. ஒற்றைச் செருப்பு வழியில் கழன்றது தெரியாமல், மறு காலில் மட்டும் செருப்போடு வீடு வந்து சேர்வார். அதற்கும் ரிக்கைத்தான் சொன்னோம். நானும் வகுப்பில் நரம்பு மண்டலம் நடத்திவிட்டு வந்து, வீட்டில் அவர் கைக்கு நல்லெண்ணெய் தேய்த்துவிட்டேன்.

எண்பத்தைந்து வாக்கில் ஒரு மழைக்காலம். டைபாய்டு வந்து மூன்று நாள் படுக்கையை விட்டு எழவில்லை. பட்டறைப் பக்கம் போக முடியவில்லை, அதனால் குடிக்கவும் முடியவில்லை. மூன்றாம் நாள் காலை, கஞ்சிக் கிண்ணத்திலிருந்து எறும்பைப் பொறுக்கி எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டிருந்தார். கிண்ணத்தில் எறும்பே இல்லை. அப்புறம் ஆந்திராவில் இருந்த தன் ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "கம்பிய ஏத்துடா, தண்ணி வந்துருச்சு" என்றார். மகள் பள்ளிக்குக் கிளம்பி, ரிப்பனைக் கையில் பிடித்தபடி நின்றாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவருக்கு வலிப்பு வந்துவிட்டது.

டாக்ஸி பிடித்துச் சேலம் கொண்டுபோனோம். காய்ச்சல் பார்த்தவர்கள் வலிப்பைப் பார்த்துவிட்டு, அங்கே ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் இருந்த ஒரு மனநல டாக்டரிடம் அனுப்பினார்கள். என் வயதுதான் இருப்பார், சட்டையில் மை ஒழுகிய பேனா. ஐந்தாறு நாள் மாத்திரையிலும் வைட்டமின் ஊசியிலும் என் கணவர் தெளிந்து உட்கார்ந்த பிறகு, எங்கள் இருவரையும் எதிரே உட்கார வைத்துப் பேசினார்.

"தினமும் எவ்வளவு குடிப்பீங்க?"

"அளவாத்தானுங்க."

"அளவுன்னா எது?"

"தள்ளாடாத அளவுங்க."

"எத்தனை குடிச்சா தள்ளாடுவீங்க?"

என் கணவர் நெற்றியைச் சுருக்கி நேர்மையாக யோசித்தார். "அது இது வரைக்கும் தெரியலீங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. மூளையைப் பற்றிச் சொன்னார். ஆளை அமைதிப்படுத்த அதில் ஒரு ரசாயனம் இருக்கிறது, உசுப்பிவிட இன்னொரு ரசாயனம் இருக்கிறது. குடி உள்ளே போனால் முதலாவதோடு சேர்ந்துகொள்கிறது. தினமும் இது நடந்தால் மூளை சும்மா இருக்காது, அதற்கு ஈடாக உசுப்புகிற பக்கத்தைக் கூட்டிக்கொண்டே போகும். அவர் முடிப்பதற்குள் என் கணவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது.

"அப்ப பிரேக்க மிதிச்சுட்டே ஆக்சிலேட்டரையும் ஏத்திட்டு வந்திருக்கறனுங்க. படுத்த மூணு நாளும் பிரேக்குல இருந்து காலை எடுத்துப்போட்டேன்."

"வண்டி பிச்சுக்கிட்டுப் போச்சு. அதுதான் வலிப்பு."

"காலைல கை நடுங்குறது?"

"அதுவும் அதே வண்டிதான்."

"ரிக்கு ஆட்டம் இல்லீங்களா?"

"ரிக்குக்கு இதுல ஒரு சம்பந்தமும் இல்லைங்க."

வேறு யாருடைய லாரியையோ பழுது பார்த்த திருப்தியோடு என் கணவர் நாற்காலியில் சாய்ந்தார். எனக்குத்தான் ஆத்திரமாக வந்தது. எத்தனை புட்டி நல்லெண்ணெய் வீணாகியிருக்கிறது. ஆத்திரத்தில் கேட்டேன். ஊரில் எல்லாரும்தான் குடிக்கிறார்கள், என் சித்தப்பா அரைச் சொம்புக்குக் கும்மி அடிக்கிறார், அவருக்கு வராத கேடு எறும்பை மிதிக்காமல் நடக்கிற இவருக்கு எப்படி வந்தது என்று.

"அதனாலதான் வந்திருக்கும்" என்றார் டாக்டர். "குடி உள்ள போனா உடம்பு ஒரு தகவல் அனுப்பணும். தலை சுத்துது, வாந்தி வருது, போதும்னு. உங்க சித்தப்பாவுக்கு அரைச் சொம்புலயே அது வந்துடுது. அவரால குடிகாரரா ஆகறது கஷ்டம். சில பேருக்குப் பிறவியிலேயே அந்தத் தகவல் ரொம்ப தாமதமா வருது. சந்தோஷம் குடுக்கற ரசாயனம் மட்டும் நேரத்துக்கு வந்துடுது. அவங்க பாட்டுக்குக் குடிச்சுக்கிட்டே போவாங்க. இது ரத்த வழியில இறங்குது. ஒரே ஒரு மரபணு இல்ல, பலது சேர்ந்து. இருக்கிற எல்லாரும் குடிகாரர் ஆயிடுவாங்கன்னு இல்ல. ஆனா அவங்கதான் ஜாக்கிரதையா இருக்கணும். இதையெல்லாம் இப்பத்தான் பார்க்க ஆரம்பிச்சிருக்காங்க. கல்லுல வெட்டி வெச்ச மாதிரி எடுத்துக்காதீங்க."

நான் சிரித்துவிட்டேன். சின்னச் சிரிப்பு இல்லை, வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்க்கிற சிரிப்பு. மனநல டாக்டரின் அறையில் அப்படிச் சிரிக்கக் கூடாது, நமக்கும் ஒரு சீட்டு எழுதிவிடுவார்கள். அதனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். கெடா விருந்து, வரப்பு, மூன்று சொம்பு, கடலை மூட்டை, மோகனூர்க்காரர், காளை, எல்லாம். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"பரிசோதனை நல்ல பரிசோதனைதாம்மா" என்றார். "மார்க்கைத்தான் தலைகீழாப் போட்டுட்டீங்க."

ஒரு டீச்சரிடம் சொல்கிற வார்த்தையா அது.

பிறகு அவர் ஒரு தாளில் இரண்டு குடும்பங்களையும் கோடு போட்டு வரைந்தார். குடித்துக் கெட்டவர்களுக்குக் கறுப்பு வட்டம். என் மாமனார் ஒரு வட்டம், அவருடைய அண்ணன் ஒரு வட்டம். "உங்க பக்கம்?" என்று கேட்டார். நான் வாய்ப் பழக்கத்தில் சித்தப்பாவைச் சொன்னேன். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் திருத்திக்கொண்டு மாமனைச் சொன்னேன். செய்வினை என்ற சொல் தொண்டை வரை வந்து திரும்பிப் போயிற்று. அம்மாவின் அப்பாவையும் சொன்னேன், அவரும் கடைசிவரை நிலையாக நின்றவர்தான். வட்டம், வட்டம். இரண்டு பக்கத்திலிருந்தும் கோடுகள் இறங்கி வந்து அடியில் ஒரே ஒரு பேரில் சேர்ந்தன. என் மகளுக்கு அவர் போட்ட வட்டத்துக்குள் எதுவும் இல்லை, வெறுமையாக இருந்தது. எனக்கு அந்த வெறுமை பிடிக்கவில்லை.

அவரை இன்னும் ஒரு வாரம் அங்கேயே வைத்திருந்தார்கள். நான் ஊர் வந்த சனிக்கிழமை, காலை பத்தரை மணிக்கு, பள்ளிக்கூட ஆய்வகத்திலிருந்து கேட்டு வாங்கிவந்த அளவுக் குடுவையைக் கழுவித் துடைத்து வைத்தேன். பட்டறையில் அவர் மிச்சம் வைத்திருந்ததை எடுத்துவந்த பிராந்தியை அதில் அளந்து ஊற்றினேன். அதுவரை நான் அந்த வாசனையைத்தான் அறிவேன், ருசியை அறிய மாட்டேன். மருந்து போல ஒரு மடக்கு, மூக்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு மடக்கு. அரை மணி காத்திருந்தேன். மறுபடி அதே அளவு. நெஞ்சு எரிந்தது, அவ்வளவுதான். கொல்லையில் துணி துவைக்கிற கல்லிலிருந்து கிணற்றடிவரை செங்கல் வரிசை ஒன்று உண்டு. அதன்மேல் நடந்தேன். திரும்பி நடந்தேன். ஒரு காலை மடக்கிக்கொண்டு நின்றேன். உள்ளே வந்து பத்தாம் வகுப்புக் காலாண்டுத் தாள் இருபது திருத்தினேன். கூட்டல் ஒன்றுகூடப் பிசகவில்லை.

அப்போது ஒரு விநாடி எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த ஒரு விநாடியை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அப்பா பார்த்திருந்தால் என்னைக் கட்டிக்கொள்ள மாப்பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள் என்று பேசியிருப்பார். பெருமை போன இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது. இவருக்கு இருப்பது எனக்கும் இருக்கிறது. அப்படியானால் மகளுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் இறங்கியிருக்கலாம். பட்டாணிக் கணக்கு எனக்குத் தெரியும், மனிதர்கள் பட்டாணி இல்லை என்பதும் தெரியும். ஆனால் தாயானவளுக்குப் பட்டாணிதான் கண்ணில் நிற்கும். மிச்சப் பிராந்தியைத் துவைகல்லில் ஊற்றிவிட்டு, குடுவையை மூன்று தரம் கழுவினேன். நெடுநேரம் அழுதேன். அழுததற்குக் குடி காரணமில்லை.

அவர் வந்த பிறகு குடிக்கவில்லை. நடுவில் ஒருமுறை வழுக்கினார், அந்த நாலு நாளை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. மற்றபடி மோரும் கோலி சோடாவுமாக எட்டு மாதம் ஓட்டினார். கை நடுக்கம் நின்றது. கால் மட்டும் திரும்பவில்லை. குடியால் பாதத்தில் நரம்பு பட்டுப்போயிருக்கிறது, எழும்ப நாளாகும், எழும்பாமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நடக்கும்போது தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

எட்டாவது மாதம் சித்தப்பாவின் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். பள்ளிபாளையத்தில் தறி போட்டிருந்த பையன். அதே குலசாமி கோயில், அதே கெடா, அதே வரப்பு. சித்தப்பாவுக்கு வீட்டில் குடிகாரன் என்ற பெயர் இருந்ததால் மாப்பிள்ளை தேர்வில் அவருக்கு வாக்கு இல்லை, நீதிபதி என் அப்பாதான். பையன் ஒரு சொம்பு முடிப்பதற்குள் கண் சொக்கி, வரப்பில் ஏறப்போய் மூன்றாவது அடியில் உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தபடியே தன் அம்மாவுக்கு எவ்வளவு நல்ல மனசு என்று ஒரு கத்தரிச் செடியிடம் சொல்லிவிட்டுப் புளியமரத்தடியில் படுத்தான். அடுப்பு மறைவில் கல்யாணப் பெண் என் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தாள். "நல்லாத் தூங்கறாருங்கக்கா" என்றாள். அவள் குரலில் கேலி இல்லை, பிரியம் இருந்தது. அது அப்பாவின் காதில் விழவில்லை.

அப்பா துண்டை உதறினார். "இது ஆகாது" என்றார். நான் அடுப்பை விட்டு வெளியே வந்தேன். "அப்பா, இந்தப் பையனுக்கே குடுங்க. தள்ளாடறவந்தான் நல்லவன். டாக்டர் சொன்னாரு" என்றேன். ஆண்கள் எல்லாரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். படிப்பு அதிகமாகிவிட்டால் இப்படித்தான் என்று அந்தப் பார்வை சொன்னது. அப்பா என்னிடம் சிரித்துக்கொண்டே, "நீ போயிக் கறியப் பாரு சாமி" என்றார். பிறகு ஓரமாக மோர் டம்ளரோடு உட்கார்ந்திருந்த என் கணவரைப் பார்த்து, "மாப்ள, நடைன்னா என்னன்னு இந்தப் பசங்களுக்கு ஒருக்கா நடந்து காட்டுங்க" என்றார்.

நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் அவர் எழுந்துவிட்டார். பதிமூன்று வருஷமாக அந்த நடையைத்தான் எங்கள் வீட்டில் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள், அவருக்கு மட்டும் அது பெருமை இல்லாமல் போகுமா. டம்ளரை வைத்தார், செருப்பைக் கழற்றினார், வரப்பில் ஏறினார். முதலடி சரியாக விழுந்தது. இரண்டாவதில் பாதம் மண்ணைத் தேடியது. கைகளை விரித்தார். நாலாவது அடியில் இடுப்பு ஒருபக்கம் சாய்ந்தது, காற்றில் எதையோ பிடிக்கப்போனார், வாய்க்காலில் விழுந்தார். வேட்டி முழுக்கச் சேறு.

எல்லாரும் சிரித்தார்கள். "மாப்பிள்ளைக்கு இன்னிக்குத்தான் ஏறியிருக்குதாட்ட" என்றார் ஒருவர். எனக்கு அவர்கள் எல்லாரையும் அடுப்புக் கட்டையால் அடிக்க வேண்டும் போல இருந்தது.

அவர் வாய்க்காலிலேயே உட்கார்ந்துகொண்டு சேற்றை வழித்தார். சிரிப்பு அடங்குகிறவரை பொறுத்திருந்தார். "மாமா" என்றார். "இன்னிக்கு நானு மோருதான் குடிச்சிருக்கறனுங்க. அன்னிக்கு மூணு சொம்பு குடிச்சுப்போட்டு நடந்தேன். இன்னிக்கு மோரைக் குடிச்சுப்போட்டு உழுந்துட்டேன். அம்மணி சொல்றது நெசந்தானுங்க. அந்தப் பையனுக்கே குடுத்துருங்க."

அப்பா மோர் டம்ளரை எடுத்து மோந்து பார்த்தார். என் அப்பா எதையும் சோதிக்காமல் விடமாட்டார். மோந்துவிட்டுக் கீழே வைத்தார். உதறிய துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். சித்தப்பா எழுந்துபோய்ப் புளியமரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்த பையனின் முகத்தில் வெயில் படாமல் துண்டைப் போர்த்திவிட்டு வந்தார். அந்தக் கல்யாணம் நடந்தது, இருவரும் நன்றாக இருக்கிறார்கள், பண்டிகைக்குப் பண்டிகை அவன் ஏதாவது ஒரு செடியிடம் பேசுகிறான்.

என் கணவர் விழுந்ததும் முதலில் அவரிடம் ஓடியது நானில்லை, என் மகள். அப்போது அவளுக்குப் பத்து வயது. களத்தின் மறு கோடியில் விளையாடிக்கொண்டிருந்தவள், வண்டித்தடத்தை விட்டுவிட்டு அந்த ஒன்றரைச் சாண் வரப்பின் மேலேயே ஓடிவந்தாள். கீழே பார்க்கவில்லை, கையை விரிக்கவில்லை. அப்பனைக் கையைப் பிடித்து எழுப்பிவிட்டு, மறுபடி வரப்பில் ஏறி நின்றாள். "பாப்பா நடையப் பாருங்க, அப்படியே மாப்பிள்ளையாட்ட" என்று என் அப்பா, அத்தனைக்குப் பிறகும், பெருமையாகச் சொன்னார்.

நான் அவளிடம் போனேன். "கீழ எறங்கி நட" என்றேன்.

"நான் உழ மாட்டேம்மா."

விழ மாட்டாள் என்று எனக்கும் தெரியும். அதனால்தான் அவள் கையை இறுக்கிப் பிடித்து, வண்டித்தடத்தில் இறக்கி நடத்திக் கூட்டிப்போனேன்.